கணினி இருக்கும்போது காற்றுச் சுரங்கம் எதற்கு? ஹைப்பர்சானிக் பாய்வு பற்றி ஒரு விவாதம்

கேள்வி (3 மார்ச்)

பாய்மங்களின் இயக்கத்தைச் சொல்லும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் நமக்குத் தெரியும். அவற்றைத் தீர்க்கும் வலிமை இன்றைய கணினிகளுக்கு இருக்கிறது. ஒலியைப் போல் பத்து, இருபது மடங்கு என ஹைப்பர்சானிக் வேகத்தில் செல்லும் ஊர்தியைச் சுற்றிக் காற்று எப்படிப் பாயும் என்பதை மேசையில் அமர்ந்தபடியே கணக்கிட முடிகிற காலத்தில், சிறு மாதிரிகளின்மேல் காற்றைப் பாய்ச்சி அளக்கும் காற்றுச் சுரங்கங்களைப் பெருஞ்செலவில் கட்டுவது பழைய பழக்கத்தின் தொடர்ச்சி என்றே நினைக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

3 மார்ச், இரவு

மறுக்கிறேன். கணினியின் வலிமையில் எனக்கு ஐயமில்லை. அந்தச் சமன்பாடுகளுக்குள் நாம் எழுதி வைக்கும் காற்று எந்தக் காற்று என்பதுதான் என் கேள்வி.

பூமியைச் சுற்றும் பாதையிலிருந்து இறங்கும் ஓர் ஊர்தி நொடிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைகிறது என்று கொள்வோம். வேகத்தின் இருமடியில் பாதியை எடுத்தால், ஒரு கிலோகிராம் காற்றுக்குச் சுமார் 28 மெகாஜூல் ஆற்றல் கிடைக்கிறது. ஊர்தியின் மூக்குக்கு முன்னால் அதிர்வலை, அதாவது காற்று திடீரென நெருக்கப்படும் மெல்லிய முகப்பு, நிற்கும்; அதைக் கடந்து காற்று தேங்கும்போது இந்த ஆற்றல் ஏதாவது ஒரு வடிவில் வெளிப்பட்டாக வேண்டும். அறை வெப்பநிலையில் காற்றுக்குரிய தன்வெப்ப ஏற்புத்திறனை மாறிலியாக வைத்து வகுத்தால் ஏறத்தாழ 28,000 கெல்வின் என்று விடை வரும். காற்று வேதிச் சமநிலையை எட்டும்போது அங்கே நிலவும் வெப்பநிலை ஆறாயிரம், ஏழாயிரம் கெல்வின் அளவுதான். எஞ்சிய ஆற்றலின் பெரும்பகுதி மூலக்கூறுகளை உடைப்பதில் செலவாகிறது. ஒரு கிலோகிராம் காற்றில் உள்ள ஆக்சிஜன் முழுவதையும் அணுக்களாகப் பிரிக்க ஏறக்குறைய 3.6 மெகாஜூல் போதும். நைட்ரஜன் முழுவதையும் பிரிக்க 26 மெகாஜூல் அளவு வேண்டும். ஆகவே ஆக்சிஜன் அநேகமாக முற்றிலும் உடைந்து, நைட்ரஜனில் ஒரு பங்கு உடைந்து, இடையில் நைட்ரிக் ஆக்சைடு பிறந்து மறைந்து, சிறிதளவு மின்னணுக்களும் விடுபட்ட ஒரு கலவைதான் அந்த மெல்லிய படலத்தில் இருக்கிறது.

இதன் விளைவு வடிவத்திலேயே தெரியும். வேதிவினை இல்லாத காற்றாக இருந்தால் வலிமையான அதிர்வலையைக் கடக்கும்போது அடர்த்தி 6 மடங்குக்கு மேல் உயர முடியாது. மேலே சொன்ன கலவையில் அது 15 மடங்கு வரை போகும். அடர்த்தி கூடினால் அதிர்வலை உடலை நெருங்கும். ஒரு மீட்டர் ஆரம் கொண்ட கோளத்துக்கு முன் அதிர்வலை 13 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் என்று முதல் கணக்கு சொல்லும். இரண்டாவது கணக்கு 5 சென்டிமீட்டர் என்று சொல்லும். இரண்டு கணக்கிலும் தீர்க்கப்படும் சமன்பாட்டின் பெயர் ஒன்றுதான்.

4 மார்ச்

மேற்கண்டதற்கு ஒரு நண்பர், "வேதிவினைகளையும் சேர்த்துக்கொண்டால் போயிற்று" என்று எழுதியிருக்கிறார். சேர்க்கிறார்கள். ஆனால் 70 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிகவும் அருகிப்போயிருப்பதால், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி வினைபுரிந்து முடிப்பதற்குள் பாய்வு ஊர்தியைத் தாண்டிவிடுகிறது. வினை தொடங்கவே இல்லை என்றும் கொள்ள முடியாது, முடிந்துவிட்டது என்றும் கொள்ள முடியாது. அந்த இடைநிலைக்கு ஒரே வெப்பநிலை என்பதுகூடப் போதாது. மூலக்கூறுகளின் ஓட்டத்துக்கு ஒரு வெப்பநிலையும், அவற்றின் உள் அதிர்வுக்கு இன்னொரு வெப்பநிலையும் வைத்து, இரண்டின் பெருக்குச் சராசரியே பிரிகையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று கொள்ளும், சல் பார்க் என்ற ஆய்வாளரின் மாதிரியைத்தான் பெரும்பாலான நிரல்கள் இன்றும் பின்பற்றுகின்றன. அது நன்றாகப் பயன்படும் ஒரு தோராயம். இயற்பியலின் அடிப்படை விதியிலிருந்து நேராக வந்ததல்ல. அதில் உள்ள வினைவேக எண்களில் பல, வாயுவுக்குள் அதிர்வலையைப் பாய்ச்சிச் சோதிக்கும் அதிர்வலைக் குழாய்களில் அளந்து பெற்றவை. சுரங்கம் வேண்டாம் என்பவரின் நிரலுக்குள்ளேயே சோதனைக்கூடம் அமர்ந்திருக்கிறது என்பதை அவர் கவனிக்க வேண்டும்.

6 மார்ச்

ஓர் உண்மையான பறத்தலை எடுத்துக்கொண்டால் இந்த விவாதம் தெளிவாகும் என்று தோன்றுகிறது. கொலம்பியா விண்ணோடம் 1981 ஏப்ரல் 12 அன்று முதல் முறையாகப் புறப்பட்டது. ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் அதில் இருந்தார்கள். ஆளில்லாமல் ஒருமுறை சுற்றுப்பாதைக்கு அனுப்பித் திருப்பிப் பார்க்கும் சோதனை அந்த ஊர்திக்கு நடக்கவே இல்லை. ஆகவே, ஏப்ரல் 14 அன்று அது 40 பாகைத் தாக்குகோணத்தில் (எதிர்வரும் காற்றுக்கு மூக்கை அவ்வளவு உயர்த்தியபடி) வளிமண்டலத்துக்குள் இறங்கியபோது, அதன் காற்றியக்கத் தரவு நூலில் இருந்த ஹைப்பர்சானிக் எண்கள் ஒவ்வொன்றும் பறத்தலில் மனிதர்கள் அமர்ந்திருக்கும்போதுதான் முதலில் சோதிக்கப்பட்டது.

விண்ணோடத்தின் பின்முனையில், என்ஜின்களுக்குக் கீழே, ஒரு பெரிய மடல் உண்டு. மூக்கு மேலெழாமலும் கீழே சாயாமலும் ஊர்தியைச் சமன்படுத்துவது அதன் வேலை. உயர் மாக் எண்களில் (மாக் எண் என்பது ஒலியைப் போல் எத்தனை மடங்கு வேகம் என்பது) அந்த மடல் 7 அல்லது 8 பாகை கீழிறங்கினால் போதும் என்பது முன்கணிப்பு. பறத்தலின்போது அது சுமார் 16 பாகை இறங்க வேண்டியிருந்தது. அதன் எல்லை 22.5 பாகை. அதாவது, முன்கணிப்புக்கும் எல்லைக்கும் இடையே ஒதுக்கி வைத்திருந்த இடைவெளியில் பாதிக்கு மேல் அந்த ஒரே இறக்கத்தில் செலவாகிவிட்டது. மொத்தத் தூக்குவிசையும் இழுவிசையும் ஏறத்தாழக் கணித்தபடியே இருந்தன. மூக்கை மேலே தூக்கும் திருப்புத்திறன் மட்டும் தவறிப்போயிருந்தது.

ஏன் அது மட்டும் தவற வேண்டும் என்பதுதான் இங்கே பாடம். மூலக்கூறுகள் உடையும் காற்றில், மூக்கை ஒட்டிய பகுதியில் அழுத்தம் சற்றுக் கூடுகிறது. அடிப்பரப்பு பின்பக்கமாக வளைந்து விரியும் இடத்தில் அழுத்தம் சற்றுக் குறைகிறது. இரண்டையும் கூட்டினால் மொத்த விசையில் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் விசை செயல்படும் மையம் முன்னோக்கி நகர்ந்துவிடுகிறது. முப்பத்தேழு மீட்டர் நீளமுள்ள ஊர்தியில் அந்தச் சிறு நகர்வுதான் மடலை இரண்டு மடங்கு இறங்க வைத்தது.

6 மார்ச், சற்றுப் பிறகு

நியூட்டனின் பழைய அழுத்த விதி இங்கே பொருந்துமா என்று கேட்டவருக்கு: ஆம், பாய்வை எதிர்கொள்ளும் பரப்பின் சரிவின் சைன் மதிப்பின் இருமடியோடு அழுத்தம் வளர்கிறது என்ற 17ஆம் நூற்றாண்டுக் கருத்து, சாதாரண விமானத்துக்குப் பொருந்தாமல் போனாலும், ஹைப்பர்சானிக் வேகத்தில் வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது. அதிர்வலை உடலோடு ஒட்டிக் கிடப்பதே காரணம். அழுத்தத்துக்கு ஒரு முதல் மதிப்பீடு வேண்டுமானால் நான் இன்றும் அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பேன்.

9 மார்ச்

விண்ணோடம் பற்றிய குறிப்பை மீண்டும் படித்தேன். எல்லாப் பழியையும் வேதியியலின் மேல் சுமத்துவதுபோல் அது படிக்கப்படலாம் என்பதால் இதைச் சேர்க்கிறேன். முன்கணிப்புக்கு அடிப்படையான சுரங்கச் சோதனைகள் மாக் 8 அளவில் நடந்தன. பறத்தல் மாக் 20ஐத் தாண்டியது. வேதிவினையே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டாலும், மாக் எண் 8இலிருந்து 20க்கு மேல் போவதால் மட்டுமே திருப்புத்திறனில் ஒரு மாற்றம் வருகிறது என்று 1980களில் செய்த கணக்கீடுகள் காட்டின. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டன.

நம் கேள்வியாளருக்கு ஆதரவாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே முதலில் வழிதவற வைத்தவை சுரங்கத் தரவுகள்தான். காரணத்தைப் பிரித்துக் காட்டியவை கணக்கீடுகள். அவர் இதைத் தம் பக்கத்துச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. நாசாவின் லாங்லி மையத்தில், காற்றுக்குப் பதிலாகக் கார்பன் டெட்ராஃபுளோரைடு வாயு பாயும் ஒரு மாக் 6 சுரங்கம் இருந்தது. அந்த வாயுவில் மூலக்கூறுகள் உடைவதில்லை. ஆனால் அதன் வெப்ப ஏற்புத்திறன் விகிதம் (மாறா அழுத்தத்தில் உள்ள ஏற்புத்திறனை மாறாக் கன அளவில் உள்ளதால் வகுத்தால் வருவது) தாழ்ந்தது என்பதால், அதிர்வலையைக் கடக்கும்போது அடர்த்தி வெகுவாக உயர்கிறது. உடைந்த காற்று செய்வதை ஓரளவு அதுவும் செய்கிறது. விண்ணோடத்தின் சிறு மாதிரியை அதில் வைத்துச் சோதித்தபோது, பறத்தலில் கண்ட திருப்புத்திறன் போக்கு சுரங்கத்திலும் தெரிந்தது. கணக்கீடு சொன்ன விளக்கம் சரிதானா என்பதை உறுதிசெய்யத் திரும்பவும் ஒரு சுரங்கத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

10 மார்ச்

வெப்பப் பாய்வைப் பற்றி இன்னும் எழுதவில்லை. என் வேலையில் பெரும்பகுதி அதிலேயே கழிகிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மழுங்கிய மூக்கைச் சுற்றிய பாய்வைக் கணக்கிடும்போது, சுவரில் உள்ள அழுத்தம் மிக எளிதில் சரியாக வந்துவிடும். பாய்வைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் கணிப்பு வலையின் கண்ணிகள் பெரிதாக இருந்தாலும் அது பெரிதாக மாறாது. வெப்பப் பாய்வு அப்படி இல்லை. சுவரை ஒட்டிய முதல் கண்ணியின் உயரத்தை மாற்ற மாற்ற, காற்று வந்து மோதி நிற்கும் தேக்கப் புள்ளியில் வெப்பப் பாய்வு ஒன்றுக்கு இரண்டாக மாறுவதை நான் திரையில் பார்த்திருக்கிறேன். அப்போதும் அழுத்த வரைகோடு நகராமல் அப்படியே கிடக்கும். அழுத்தம் பொருந்துகிறது என்று காட்டி வெப்பத்தையும் நம்பச் சொல்லும் அறிக்கைகளை நான் ஏற்பதில்லை.

இன்னொரு தொல்லை எண்முறையிலேயே இருக்கிறது. அதிர்வலையைக் கூர்மையாகப் பிடிக்கும் ரோ முறை போன்ற சில முறைகளில், வலை அதிர்வலையோடு இசைவாக அமைந்திருக்கும்போதே, தேக்கப் புள்ளியை நோக்கி வரும் தேக்கக் கோட்டின் மேல் மட்டும் அதிர்வலை முன்னோக்கிப் புடைத்துவிடும். கணக்கீடு ஓட ஓட, வழுவழுப்பான வில்லின் நடுவில் ஒரு கூம்பு எழுந்து வளர்வதைக் காணலாம். அது பாய்வில் இல்லாத ஒன்று. 1988இல் பீரியும் இம்லேயும் இதைப் பதிவுசெய்தார்கள். பிறகு எத்தனையோ தீர்வுகள் முன்வைக்கப்பட்டும் இது முழுவதும் ஒழியவில்லை. செயற்கையாகக் கொஞ்சம் பாகுத்தன்மையைக் கூட்டினால் புடைப்பு அடங்கிவிடும். ஆனால் அதே செயற்கைப் பாகுத்தன்மை எல்லைப் படலத்துக்குள்ளும் (சுவரை ஒட்டிக் காற்று மெதுவாகும் மெல்லிய அடுக்குக்குள்ளும்) புகுந்து, நாம் அளக்க விரும்பிய வெப்பப் பாய்வையே கெடுத்துவிடும். நோய்க்குக் கொடுத்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதுபோல, ஒன்றைச் சரிசெய்யும் வழி இன்னொன்றில் கைவைக்கிறது.

10 மார்ச், இரவு

"அதிர்வலைச் சுரங்கத்தில் அளப்பது மட்டும் நம்பகமானதா?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. மாணவனாக இருந்தபோது அப்படிப்பட்ட ஒரு சுரங்கத்தில் வேலை செய்திருக்கிறேன். உயர் அழுத்த வாயுவையும் தாழ் அழுத்தக் காற்றையும் பிரிக்கும் இடத்தில், குறுக்கு நெடுக்காகக் கீறல் போட்ட ஓர் அலுமினியத் தகட்டை வைத்து முறுக்குவோம். அழுத்தம் எல்லை மீறியதும் அந்தக் கீறல் வழியே தகடு நான்கு இதழ்களாக மடிந்து திறந்துகொள்ளும். ஒழுங்காகத் திறந்த தகட்டில் நான்கு இதழ்களும் குழாயின் சுவரோடு படிந்திருக்கும். ஓர் இதழின் நுனி பிய்ந்திருந்தால், அந்தத் துணுக்கு மாதிரியின் மூக்கில் ஒரு குழியைப் போட்டிருக்கும்.

பயன்படும் பாய்வு ஏறத்தாழ ஒரு மில்லி நொடிதான் நிலைக்கும். அதற்குள் வெப்பத்தை அளக்க, பீங்கான் போன்ற ஒரு பொருளின்மேல் பிளாட்டினத்தை மிக மெல்லிய கோடாகப் படியவைத்திருப்போம். சூடேறும்போது அதன் மின்தடை மாறும். வெப்பப் பாய்வு மாறாமல் இருந்தால், மேற்பரப்பு வெப்பநிலை நேரத்தின் வர்க்கமூலத்தைப் போல உயரும். அலைகாட்டியில் அந்த வளைவு சுத்தமாக எழுவதைப் பார்த்தாலே சோதனை நன்றாக நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த மகிழ்ச்சியை எந்தக் கணக்கீடும் எனக்கு இதுவரை தந்ததில்லை.

இருந்தாலும் சுரங்கத்துக்கும் குறைகள் உண்டு. மாக் எண், ரெனால்ட்ஸ் எண் (நிலைமத்துக்கும் பாகுத்தன்மைக்கும் உள்ள விகிதம்), மொத்த ஆற்றல், ஊர்தியின் அளவு ஆகிய அனைத்தையும் பறத்தலில் உள்ளபடியே ஒரே சுரங்கத்தில் கொண்டுவர முடியாது. அதோடு, மிகுந்த ஆற்றலோடு இயங்கும் சுரங்கங்களில் காற்று நாசி, அதாவது பாய்வை விரைவுபடுத்தும் குழல் வாய், வழியாக விரைந்து விரியும்போது, உடைந்த ஆக்சிஜன் அணுக்கள் மீண்டும் சேர நேரமில்லாமல் அப்படியே உறைந்துபோய் மாதிரியை வந்தடைகின்றன. வானத்தில் ஊர்தியை எதிர்கொள்ளும் காற்றில் அப்படி அணுக்கள் மிதப்பதில்லை. ஆகவே, சுரங்கத்தில் பாய்ந்தது எது என்று தெரிந்துகொள்ளவே கணக்கீடு வேண்டும்.

13 மார்ச்

எல்லைப் படலம் எப்போது சீர்ப் பாய்விலிருந்து கொந்தளிப்புக்கு மாறும் என்பதை யாரும் தொடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொந்தளிப்பு வந்தால் வெப்பப் பாய்வு பல மடங்கு கூடும் என்பதால், காப்புக் கவசத்தின் எடை இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தே அமைகிறது.

2005இல் டிஸ்கவரி விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருந்தபோது, அதன் அடிப்பக்க ஓடுகளுக்கு இடையில் செருகப்பட்டிருந்த நிரப்புப் பட்டைகள் இரண்டு வெளியே துருத்திக்கொண்டிருப்பது படங்களில் தெரிந்தது. அளவில் அவை ஒன்றுமில்லை. ஆனால் அவற்றால் பாய்வு முன்கூட்டியே கொந்தளித்தால் பின்னால் உள்ள ஓடுகள் எவ்வளவு சூடேறும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகஸ்ட் 3 அன்று ஸ்டீவ் ராபின்சன் ஊர்தியின் அடிப்பக்கத்துக்குப் போய், இரண்டையும் கையாலேயே இழுத்து எடுத்தார். உலகின் மிகத் தேர்ந்த கணிப்பாளர்கள் அருகில் இருந்தும், விண்நடையே பாதுகாப்பான வழி என்று அன்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2009 மார்ச்சில், எஸ்டிஎஸ்-119 பறத்தலில், அதே டிஸ்கவரியின் இடது இறக்கைக்கு அடியில் கால் அங்குல உயரமுள்ள ஒரு மேட்டைத் தெரிந்தே வைத்து, அதன் பின்னால் வெப்பநிலையை அளந்துகொண்டே இறங்கினார்கள். கீழிருந்து ஒரு கடற்படை விமானம் அகச்சிவப்புக் கருவியால் அடிப்பரப்பைப் படமெடுத்தது. அந்தப் படத்தில் மேட்டிலிருந்து பின்னோக்கி ஆப்பு வடிவில் விரியும் சூடான பகுதியைக் கண்ணாலேயே காணலாம். பின்னர் எஸ்டிஎஸ்-128இல் மேட்டின் உயரத்தைக் கூட்டி மீண்டும் சோதித்தார்கள்.

14 மார்ச்

மேடு பள்ளம் எதுவுமில்லாத வழுவழுப்பான பரப்பிலும் இந்த மாற்றம் வரும். லெஸ்லி மாக் என்ற ஆய்வாளர் (மாக் எண்ணுக்குப் பெயர் தந்தவர் வேறு) விளக்கிய இரண்டாம் வகை அலைகள் எல்லைப் படலத்துக்குள் சிறைப்பட்ட ஒலி அலைகளைப் போன்றவை. அவற்றின் அலைநீளம் படலத் தடிமனைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. நொடிக்கு 2,000 மீட்டர் பாயும் காற்றில் 3 மில்லிமீட்டர் படலம் என்றால், நொடிக்கு மூன்று லட்சம் முறைக்கு மேல் அதிரும் அலை அது. சுவரைக் குளிர்வித்தால் பாய்வு நிலைப்படும் என்ற பொதுவான அனுபவம் இங்கே தலைகீழாகிறது. குளிர்ந்த சுவர் இந்த அலைகளை வளர்க்கிறது.

இத்தனை நுண்ணிய அலையைத் தொடக்கி வைப்பது சுற்றுப்புறத்தின் இரைச்சல். வழக்கமான சுரங்கங்களில், சுரங்கத்தின் சுவரிலேயே கொந்தளிப்பு இருப்பதால் அதன் ஒலி மாதிரியின் மேல் விழுந்து, மாற்றத்தை முன்கூட்டியே வரவழைத்துவிடும். அதற்காகவே பர்டூ பல்கலைக்கழகத்தில் ஒரு மாக் 6 அமைதிச் சுரங்கத்தை, அதன் நாசியை மெருகேற்றி மெருகேற்றி, உருவாக்கினார்கள். கணினியால் அலை வளரும் வேகத்தைச் சொல்ல முடியும். 30 கிலோமீட்டர் உயரத்தில் அன்றைக்கு வானில் இருந்த தொடக்க இரைச்சல் எவ்வளவு என்பதை யாராவது அளந்து கொடுத்தால்தான் அதற்குத் தெரியும்.

15 மார்ச்

சுவர் எதனால் ஆனது என்பதும் கணக்கில் வரும். உடைந்த ஆக்சிஜன் அணுக்கள் சுவரின்மேல் மீண்டும் இணைந்தால், உடைக்கச் செலவான ஆற்றலைச் சுவரிலேயே கொட்டிவிடும். விண்ணோட ஓடுகளின் கண்ணாடிப் பூச்சு இந்த இணைவைப் பெரிதும் ஊக்குவிப்பதில்லை. 1981 நவம்பரில் நடந்த இரண்டாம் பறத்தலில், சில ஓடுகளின்மேல் மட்டும் இணைவை ஊக்குவிக்கும் பூச்சைத் தடவி அனுப்பினார்கள். பூச்சு இருந்த ஓடுகள் அருகில் இருந்தவற்றைவிடத் தெளிவாகக் கூடுதலாகச் சூடேறின. வடிவம், வேகம், உயரம் எல்லாம் ஒன்றே. மாறியது மேல்பூச்சு மட்டுமே.

18 மார்ச்

எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்துக்கு நேர்ந்த வெப்பச் சேதம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1967 அக்டோபர் 3 அன்று பீட் நைட் மாக் 6.7 வேகத்தை எட்டியபோது, விமானத்தின் அடியில் ஒரு போலி ராம்ஜெட் (இயங்காத மாதிரி என்ஜின்) தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய அதிர்வலைகள் அதைத் தாங்கிய தூணின்மேல் விழுந்த இடத்தில் வெப்பம் குவிந்து, உலோகத்தையே துளைத்துவிட்டது; ராம்ஜெட் தனியே கழன்று விழுந்தது. அடுத்த ஆண்டு சுவீடனில் எட்னி, அதிர்வலையோடு அதிர்வலை மோதும் விதங்களை ஆறாகப் பிரித்து எழுதிய ஆய்வு இன்றும் எங்கள் மேசைகளில் இருக்கிறது. அந்த ஆறில் நான்காம் வகையில், ஒரு மெல்லிய தாரை நேராகச் சுவரில் போய்க் குத்தும். தாரையின் அகலத்துக்குள் போதிய கண்ணிகளை வைக்காத கணக்கீடு அந்த உச்ச வெப்பத்தைச் சத்தமில்லாமல் மழுக்கிவிடும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது.

19 மார்ச்

கேள்வியைத் தொடங்கி வைத்தவர், தாமே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்புவதாக எழுதியிருக்கிறார். மிக்க மகிழ்ச்சி. ஒரு மீட்டர் ஆரமுள்ள கோளம், நொடிக்கு 7 கிலோமீட்டர் வேகம், கன மீட்டருக்கு 0.0001 கிலோகிராம் அடர்த்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தியை ஆரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, வேகத்தின் மும்மடியால் பெருக்கும் சட்டன்–கிரேவ்ஸ் சூத்திரத்தின்படி, தேக்கப் புள்ளியில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 60 வாட் வர வேண்டும். முதலில் வேதிவினை இல்லாத காற்றாகவும், பிறகு ஐந்து கூறுகள் (நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள், அவற்றின் அணுக்கள், நைட்ரிக் ஆக்சைடு) கொண்ட காற்றாகவும் ஓட்டுங்கள். இரண்டாவதில், அணுக்களை முழுவதும் இணைக்கும் சுவர் ஒருமுறை, சிறிதும் இணைக்காத சுவர் இன்னொருமுறை. ஒவ்வொன்றிலும் சுவரை ஒட்டிய கண்ணியின் உயரத்தை, விடை மாறாமல் நிற்கும்வரை பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். எண்களோடு அழுத்தப் படத்தையும் சேர்த்து இங்கே இடுங்கள். தேக்கக் கோட்டில் அதிர்வலை புடைத்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.